கோச்சியில் ஏற்றிய சைக்கிள்

எங்களிடம் கார் இல்லை. எங்கள் மூன்று குடும்பங்களிலும் யாரிடமும் கார் இருந்ததில்லை. சைக்கிள் வந்ததுகூட 2022 இன் புண்ணியத்தில்தான். பெட்ரோல் வரிசை கொழும்பில் வீதியைச் சுற்றி வளைந்து கிடந்த அந்த மாதங்களில், பஸ்ஸையும் நம்ப முடியாமல், கம்பஸுக்கு வர மூன்று பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தோம். கியர் உள்ள, டயர் தடித்த மலைச் சைக்கிள்கள். மலை மட்டும் பக்கத்தில் இல்லை. இரண்டு வருசம் கழித்து ஒரு விடுமுறையில், இந்தச் சைக்கிளை அது செய்யப்பட்ட இடத்துக்கே கொண்டுபோய்ப் பார்த்தால் என்ன என்று பேச்சு வந்தது. கார் இல்லாமல் எப்படிப் போவது?

பதில் எங்களில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அவள் ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். "கோச்சியில ஏத்துவோம்" என்றாள். புகையிரதம், ரயில் எல்லாம் எழுதுகிற சொல். மலையகத்தில் அது கோச்சிதான்.

சைக்கிளைக் கோச்சியில் கொண்டுபோவதற்கு இரகசியம் ஒன்றும் கிடையாது. கோட்டை நிலையத்தில் பொதிகள் ஏற்றும் இடத்தில் அதைப் பொதியாகப் பதிய வேண்டும், தனியாகக் காசு கட்ட வேண்டும், அது கார்டின் பெட்டியில் வரும். எல்லாக் கோச்சியிலும் இடம் இருக்காது. ஆகவே முதல் நாளே போய் விசாரிப்பது நல்லது. விடியற்காலை பொடி மெனிக்கேயில் ஏறினால் மத்தியானத்துக்கு முன்பே ஹட்டன். பயணக்குறிப்பு இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் வரலாறு. நாங்கள் தேடிப் போனது ஓடுவதற்கு நல்ல பாதையை. திரும்பி வந்தது, அந்தப் பாதைகளை யார் போட்டார்கள், அதில் யார் நடக்கலாம் என்றிருந்தது என்ற கேள்வியோடு.

முதலில் இந்தக் கோச்சிப் பாதையே எதற்காக வந்தது? எங்களை ஏற்றிப்போக வரவில்லை என்பது நிச்சயம். 1820களில் கண்டியைச் சுற்றிக் காப்பி பயிரிட ஆரம்பித்தார்கள். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி போடப்பட்டது. காப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் அந்த வீதி வழியாகத்தான் துறைமுகத்துக்கு இறங்கின. வண்டிக்கு மாடு வேண்டும், மாட்டுக்கு நோய் வரும், மழையில் வீதி கரையும். வண்டிக் கூலியைப் பார்த்துத் தோட்டக்காரர்கள் ரயில் கேட்டார்கள். 1858 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். 1865 இல் அம்பேபுஸ்ஸ வரை ஓடியது, 1867 இல் கண்டி, 1874 இல் நாவலப்பிட்டி.

அதற்குள் காப்பிச் செடிக்கு இலை நோய் வந்துவிட்டது. 1869 இல் கண்ட அந்தத் துரு, அடுத்த பதினைந்து வருசத்தில் காப்பித் தோட்டங்களைத் துடைத்துப் போட்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட கதையைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884 இல், நானுஓயாவுக்கு 1885 இல். காப்பிக்காகக் கிளம்பிய கோச்சி, மேலே வந்து சேர்ந்தபோது ஏற்ற வேண்டியிருந்தது தேயிலையை.

அந்த ஏற்றத்தைச் சைக்கிள்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 44 அடிக்கு ஓர் அடி என்ற சரிவில், ஐந்தரை அடி அகலப் பாதையை, மலையைச் சுற்றிச் சுற்றி ஏற்றியிருக்கிறார்கள். வளைவுகளில் யன்னலால் எட்டிப் பார்த்தால் நம்முடைய கோச்சியின் கடைசிப் பெட்டி நமக்கே தெரியும். எங்கள் சைக்கிள்கள் இருந்த பெட்டியை நாங்கள் அப்படித்தான் மூன்று மணித்தியாலமாக எண்ணிக்கொண்டு வந்தோம்.

ஆனால் இந்த மலையைத் திருத்தியவர்கள் கோச்சியில் வரவில்லை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். தலைமன்னார், அரிப்பு. அங்கிருந்து காட்டு வழியாக அநுராதபுரம் பக்கம் வந்து, தம்புள்ளை தாண்டி, மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. விழுந்தார்கள் என்பதில் சண்டை இல்லை. 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடியபோதும் வடக்குப் பாதையில் அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். தலைமன்னார் வரை ரயில் போனது 1914 இல்தான். காப்பி மூட்டைக்கு ரயில் கிடைத்து ஏறத்தாழ ஐம்பது வருசத்துக்குப் பிறகு, அதைப் பறித்த ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கரையிலிருந்து ரயில் கிடைத்தது.

வந்து சேர்ந்தபின் என்ன நடை? தோட்டத்துக்குள் எல்லாமே நடைதான். பிரட்டுக்களத்துக்கு நடை, மலைக்கு நடை, கொழுந்துக் கூடையோடு நிறுவைக்கு நடை, திரும்ப மலைக்கு நடை. எங்கள் சைக்கிள்கள் ஓடியது அந்தத் தடங்களில்தான். கொட்டகலையிலிருந்து வட்டகொடைப் பக்கம் தேயிலைக்குள் புகுந்தபோது எங்களுக்கு ஒரு ஆச்சரியம். இவ்வளவு பெரிய மலை, ஆனால் பாதை எங்கேயும் மூச்சு முட்ட வைக்கவில்லை. மலையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, ஒரே அளவாக ஏறுகிறது, ஒரே அளவாக இறங்குகிறது. உள்பக்கம் கான் ஓடுகிறது. திருப்பங்கள் கத்தரித்த மாதிரி. இதைச் சும்மா கண்ணால் பார்த்துப் போட முடியாது.

பிறகு தேடியபோது ஒரு கருவி அகப்பட்டது. இந்தியாவில் சிவில் எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகளின் நில அளவைப் பாடப் புத்தகங்களில் அதன் பெயர் 'சிலோன் காட் டிரேசர்'. மலைப்பாதைச் சரிவு குறிக்கிற கருவி. பார்க்க ஒரு குழாய், அதன் கீழே அளவுகள் குறித்த ஒரு சட்டம், சட்டத்தில் நகர்த்தக்கூடிய ஒரு பளு. பளுவை 20க்கு ஒன்று என்ற குறியில் வைத்தால் குழாய் அந்தச் சரிவுக்குத் தானாகச் சாயும். எதிரே கண்மட்ட உயரத்தில் ஒரு இலக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் மேலும் கீழுமாக நகர வேண்டும். பலகை குழாய்க்குள் நேராகத் தெரிந்ததும் அந்த இடத்தில் ஒரு முளை. அப்படியே முளை முளையாக மலையைச் சுற்றிப் போக வேண்டும். பிறகு மண்வெட்டி. கருவியின் பெயரில் எங்கள் நாடு இருக்கிறது. குழாய்க்குள் பார்த்த துரைமார் சிலரின் பெயர் தோட்டப் பதிவேடுகளில் இருக்கலாம். பலகையைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்றவர் பெயரும், முளைக்குப் பின்னால் மண்ணை வெட்டியவர் பெயரும் எங்கேயும் இல்லை.

சரிவு ஏன் அவ்வளவு மென்மை என்றும் யோசித்தோம். துரையின் குதிரைக்கு, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு, பிறகு கொழுந்து லொறிக்கு. தொழிலாளிக்கு வேறு பாதை உண்டு: குறுக்கு. லயத்திலிருந்து மலைக்கு நேர் செங்குத்தாக, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், கல்லில் கால் வைத்து ஏறுகிற ஒற்றையடித் தடம். றோட்டு நாலு தடவை வளைந்து ஏறும் உயரத்தைக் குறுக்கு ஒரே மூச்சில் ஏறிவிடும். றோட்டில் போனால் பிரட்டுக்கு நேரம் பிந்தும், பிந்தினால் அரைப்பேர். மலைச் சைக்கிள்காரர்கள் இப்போது ஆசையோடு தேடுகிற 'தொழில்நுட்பமான' இறக்கங்கள் பெரும்பாலும் இந்தக் குறுக்குகள்தான். எங்களில் இரண்டு பேர் அதில் ஒன்றை இறங்கப் பார்த்து, முதல் கல்லிலேயே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது ஆள், அந்தப் பக்கத்துப் பிள்ளை, சிரித்துக்கொண்டு கீழே போய் நின்றாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்ததே கொழும்புக்கு வந்த பிறகுதான்.

அது இன்னொரு விசயம். எங்களில் ஒருவன் யாழ்ப்பாணம். நாள் முழுக்க ஓடிவிட்டு அவன் கேட்டான்: "எங்கட ஊரில வீட்டுக்கு ரெண்டு சைக்கிள் நிக்கும். இங்க ஒண்டையும் காணேல்லையே, ஏன்?" மலை என்பது சுலபமான பதில். ஆனால் இன்றைய கியர் சைக்கிளுக்கு இந்த றோட்டுச் சரிவு ஒரு பொருட்டே இல்லை. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே ஆறேழு வருசப் போராட்டம் தேவைப்பட்டது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. எங்களுடைய பழைய சைக்கிள்களில் விலை குறைந்ததை வாங்கவே ஒருவர் மாதக்கணக்கில் கொழுந்து பறிக்க வேண்டும். வாங்கினாலும் வைக்க லயத்து அறையில் இடமில்லை, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அடுப்பும் ஆறு பேரும் இருக்கும்போது.

இரண்டாவது நாள் ஒரு தோட்டத்தில் எங்களை மறித்தார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காவல்காரர் எங்கள் அப்பாவின் வயது இருப்பார்.

"தம்பி, எங்க போறீங்க? ஒபிஸ்ல கேட்டீங்களா?"

"சும்மா றோட்டில போறம் அண்ணே, அந்தப் பக்கம் இறங்கிருவம்."

"றோட்டு கம்பெனிக்குச் சொந்தம். வெள்ளக்காரங்க வந்தா லெட்டரோட வருவாங்க. நீங்க யூனியன் ஆளா?"

கடைசிக் கேள்வியில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவளுடைய ஊர் பெயரையும் அவள் தாத்தாவின் பெயரையும் சொன்ன பிறகுதான் முகம் இளகியது. "நம்ம புள்ளையா" என்று சொல்லி வழிவிட்டார், கீழே கோயிலடியில் தண்ணீர் குடிக்கச் சொல்லியும் அனுப்பினார். அவர்மேல் எங்களுக்குக் கோபமே இல்லை. ஆனால் "யூனியன் ஆளா" என்ற அந்தக் கேள்விக்கு நூறு வயசு.

1920ஐ ஒட்டிய நாட்களில் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலைமையைப் பார்க்க விரும்பினார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல். ஆகவே அவர் புடவை வியாபாரியாகத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். புடவைக்காரருக்குத் தடையில்லை, ஏனென்றால் அவர் கடன் கொடுத்துவிட்டுப் போவார், கடன் தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைக்கும். அந்த மூட்டையோடு பார்த்ததை அவர் எழுதினார். 1931 இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரோடு மீனாட்சி அம்மையார். கூட்டம் போட இடம் கிடைக்காத ஊர்களில் அவர் பாடத் தொடங்குவார், பாட்டுக்குச் சனம் கூடும், பிறகு பேச்சு. தோட்டத்துப் பாதைகளைப் பற்றிய வரலாறு எழுதினால் இந்த இரண்டு பேரும் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்பது எங்கள் கட்சி.

1937 இல் பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் நாவலப்பிட்டியில் தொழிலாளர் மேடையில் ஏறினார். தேயிலைத் தோட்டத்தில் துரை வேலை பழக வந்தவர், வயது எங்களைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. துரைமார் பக்கத்திலிருந்து ஒருவர் லயத்துப் பக்கம் நடந்தால்கூட அரசாங்கமே அசைந்திருக்கிறது.

அவளுடைய அம்மாயி சொன்ன கதை எந்தப் புத்தகத்திலும் இருக்க வேண்டியதில்லை. துரை றோட்டில் வந்தால் குடையை மடக்க வேண்டும், கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும், போன பிறகு ஏற வேண்டும். "மழைன்னாலும் மடக்கணும்மா." அம்மாயியின் தாய் கொத்திய கானா அது என்று கேட்டோம். "யாரு கொத்துனா என்ன, நிக்கிறது நாமதான" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். (சீனி அதிகம். வரலாற்று ஆய்வில் இது சகஜம்.)

அம்மாயி வீட்டில் இன்னொரு கோச்சியின் கதையும் இருந்தது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். பிறகு பார்த்தது 1974 இல், பாதிப் பாதி. போகிறவர்கள் இந்த ஹட்டன் நிலையத்தில்தான் ஏறினார்கள். கோச்சி பொல்காவலைக்கு இறங்கி, வடக்கே திரும்பி, தலைமன்னார் துறைக்கு. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். மேடையில் நிற்பவர்களும் பெட்டிக்குள் இருப்பவர்களும் மாறி மாறி ஒப்பாரி வைத்ததில் அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. அம்மாயியின் மூத்த அண்ணன் குடும்பம் அப்படிப் போனது. கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்களாம், திரும்பவும் தேயிலையில்தான். 1984 இல் கப்பலும் நின்றது.

நாங்கள் சைக்கிளை இறக்கி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, செல்ஃபி எடுத்த மேடை அது. அந்தப் படத்தைப் போடுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. போடவில்லை.

மூன்றாவது நாள் நானுஓயா. இங்கே கார் இல்லாதவருக்கு ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. நுவரெலியாவுக்கு ரயில் இல்லை. நானுஓயாவில் இறங்கி வேனோ ஓட்டோவோ பேரம் பேச வேண்டும். ஆனால் 1904 இல் இருந்தது! நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்னக் கோச்சிப் பாதை 1903-04 இல் திறந்தார்கள். தேயிலையும் மரக்கறியும் அதில் இறங்கின. வீதி திருந்தி லொறி வந்ததும் அது நட்டத்தில் விழுந்தது, 1940களில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் பூட்டன் காலத்தில் கொழும்பிலிருந்து இராகலைக்கு ரயிலிலேயே போகலாம், இன்றைக்கு முடியாது. முன்னேற்றம் என்று சொல்கிறார்களே, அது எப்போதும் ஒரே பக்கம் போவதில்லை போலிருக்கிறது. அந்தத் தடத்தின் சில துண்டுகள் இன்னும் பாதையாகக் கிடக்கின்றன. ரயிலுக்குப் போட்ட சரிவு என்பதால் சைக்கிளுக்கு அது தங்கம்.

இப்போது எல்லோரும் பேசுகிற பீகோ டிரெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற, 22 கட்டங்களாகப் பிரித்த, 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடிய நடைபாதை. 2023 இல் முழுமையாகத் திறந்தது. புதிதாக வெட்டியது மிகக் கொஞ்சம், பழைய தோட்டத்துப் பாதைகளைக் கோத்துக் குறி நட்டிருக்கிறார்கள். வட்டகொடை - கொட்டகலை என்று ஒரு கட்டம் இருக்கிறது: இரண்டு முனையிலும் கோச்சி நிலையம். கார் இல்லாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நடப்பவருக்காகப் போட்டது என்பதால் எல்லா இடத்திலும் சைக்கிள் ஓடாது, சில இடத்தில் தள்ள வேண்டும், கொழுந்து எடுப்பவர்கள் வந்தால் இறங்கி வழிவிட வேண்டும். (கானுக்குள் நாங்கள்தான் இறங்கினோம். அக்காமார் கேலி செய்தார்கள்.) நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் குறிப்பலகைகளில் டெய்லரின் பெயரும் லிப்டனின் பெயரும் வருகிற அளவுக்கு, முளைக்குப் பின்னால் மண் வெட்டியவர்களைப் பற்றி நாங்கள் போன தூரத்தில் ஒன்றும் காணவில்லை.

அதே 2023 இல்தான் இன்னொரு நடையும் நடந்தது. மலையக மக்கள் வந்து 200 வருசத்தை நினைத்து, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில், ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் கிளம்பி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடித்தார்கள். பழைய ஆட்கள் நடந்த அதே திசையில், கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர், பதினாறு நாள். அவளுடைய மாமா அதில் கடைசி இரண்டு நாள் நடந்தார். செருப்பு அறுந்து போனதைத்தான் அதிகம் பேசினார்.

பீகோ டிரெயிலுக்கு வரைபடம் இருக்கிறது, கட்டம் இருக்கிறது, தொலைபேசியில் தடமும் இறக்கிக்கொள்ளலாம். தலைமன்னார் - மாத்தளைப் பாதைக்கு அப்படி ஒரு வரைபடம் எங்கள் கையில் அகப்படவில்லை. ஆகவே அடுத்த விடுமுறைக்கு அதைச் சைக்கிளில் ஓடி, தங்கின இடம், தண்ணீர் இருக்கிற இடம், பழைய நடைபாதைக்குக் கிட்டப் போகிற வீதி எல்லாம் குறிக்கப் போகிறோம். சமதரை என்பதால் யாழ்ப்பாணத்தான் ரொம்பத் துள்ளுகிறான். போருக்குள் அழிந்த தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு 2015 இலிருந்து தலைமன்னார் துறை வரை ரயில் ஓடுகிறது. ஆகவே போவதற்குக் கோச்சி உண்டு. அதில் மூன்று சைக்கிளை ஏற்ற விடுவார்களா, எந்த நாளில் கார்டின் பெட்டியில் இடம் இருக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கூட வர விரும்புகிறவர்களும் எழுதலாம். சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும், டியூப் ஒட்டத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாயிக்கும் ஒரு படம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறோம். அண்ணன் கப்பலேறின அந்தத் துறையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.